விஜயநகரத்தில் ஒரு பகல்

(நமது சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)

 

சென்ற தை மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமையன்று நமது சங்கத்தின் சார்பில் நாற்பது பேர் ஹம்பிக்குச் சென்று அன்றே திரும்பினோம். அந்தப் பிரயாணத்தைப் பற்றி இம்மேடையில் ஒருவர் பேச வேண்டும் என்று காரியதரிசி அவர்கள் தீர்மானித்து, அந்தப் பொறுப்பை என்னிடம் ஒப்படைத்தார்கள். நான் சரித்திரப் பேராசிரியன் அல்லன். மெட்ரிகுலேஷன் தேறியவன், ரயில்வே பார்சல் ஆபீஸில் இருபது ஆண்டுகளுக்கு மேலாகக் கணக்கு எழுதி வரும் குமாஸ்தா. எனினும் கண்ணால் கண்டவற்றையும், திரும்பி வந்தபின் நூல்களில் தேடிப் படித்தவற்றையும் வரிசைப்படுத்திச் சொல்வதற்குக் குமாஸ்தாத் தொழிலே ஒரு பயிற்சிதான் என்ற துணிவோடு உங்கள் முன் நிற்கிறேன்.

ஹூப்ளி என்று நாம் பழக்கத்தால் சொல்லும் ஹுப்பள்ளியிலிருந்து ஹொஸபேட்டை ஏறத்தாழ 145 கிலோமீட்டர் தூரம். நமது ஸ்டேஷனில் 1,507 மீட்டர் நீளமுள்ள நடைமேடை ஒன்று 2023-ஆம் ஆண்டில் திறக்கப்பட்டு, உலகிலேயே நீளமான நடைமேடை என்ற பெயர் பெற்றிருப்பதை நீங்கள் அறிவீர்கள். ஒரு கோடியிலிருந்து நமது பெட்டி நின்ற இடத்திற்கு நடந்து முடித்ததும், “ஹம்பி வந்துவிட்டதா?” என்று வயதான அம்மையார் ஒருவர் கேட்டார். அந்தச் சிரிப்போடு எங்கள் பிரயாணம் தொடங்கியது. கதக்கைத் தாண்டும் வரையில் இரு புறமும் கரிசல் நிலம். கொப்பளை நெருங்கும்போது நிலத்தின் தோற்றம் மாறுகிறது. யாரோ பெரிய பெரிய உருண்டைப் பாறைகளைக் கூடை கூடையாகக் கொண்டுவந்து கொட்டிவைத்தாற்போன்ற குன்றுகள் எழுகின்றன. முனிராபாத்தைக் கடந்து, துங்கபத்திரைப் பாலத்தின்மேல் ரயில் ஓடும்போது குழந்தைகள் அனைவரும் ஜன்னல் பக்கம் ஒதுங்கினார்கள். ஆற்றைக் கடந்தால் ஹொஸபேட்டை.

கன்னடத்தில் ஹொஸபேட்டை என்றால் புதுப்பேட்டை என்று பொருள். அது புதியதாக இருந்தது 500 ஆண்டுகளுக்கு முன்பு! கிருஷ்ணதேவராயர் தம் ராஜதானிக்குப் புறநகராக அமைத்த ஊர் அது. 2021-ல் விஜயநகர மாவட்டம் என்று ஒரு புதிய மாவட்டம் பிறந்தபோது இவ்வூரே அதன் தலைநகராயிற்று. இங்கிருந்து ஹம்பி 13 கிலோமீட்டர். இரண்டு வேன்களில் ஏறிச் சென்றோம்.

போன இடத்தைப் பற்றிச் சொல்லுமுன் அதன் சரித்திரத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1336-ஆம் ஆண்டில் ஹரிஹரர், புக்கர் என்னும் சகோதரர்கள் துங்கபத்திரைக் கரையில் நிறுவியது விஜயநகர ராஜ்யம். சங்கம, சாளுவ, துளுவ, அரவீடு என்னும் நான்கு வம்சத்தார் அதனை ஆண்டார்கள். அவர்களுள் பெரும்புகழ் பெற்றவர் 1509 முதல் 1529 வரை ஆண்ட கிருஷ்ணதேவராயர். அந்நாளில் இந்நகரத்தைக் காண வந்த அந்நிய யாத்ரிகர் பலர். 1443-ல் பாரசீகத் தூதராக வந்த அப்துர் ரஸாக், ஒன்றனுள் ஒன்றாக ஏழு மதில்கள் சூழ்ந்த நகரம் என்று எழுதிவைத்தார். 1520-ஐ ஒட்டி வந்த போர்ச்சுகீசியரான டொமிங்கோ பயஸ், ரோமாபுரியை ஒத்த பெரிய ஊர் என்று வியந்தார். பயஸும், அவருக்குப்பின் வந்த நூனிஸும் எழுதிய குறிப்புகளை ராபர்ட் சூவெல் என்ற ஆங்கிலேய அதிகாரி மொழிபெயர்த்துத் தம் நூலோடு சேர்த்து 1900-ல் வெளியிட்டார். ‘மறக்கப்பட்ட சாம்ராஜ்யம்’ என்பது அந்நூலின் தலைப்பு. அதன் பின்னரே உலகத்தார் இந்த இடிபாடுகளின் பக்கம் மீண்டும் கவனத்தைத் திருப்பினார்கள். 1986-ல் ஐக்கிய நாடுகளின் யுனெஸ்கோ நிறுவனம் ஹம்பியை உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்றுக்கொண்டது. 1,600-க்கும் மேற்பட்ட கட்டடங்களின் மிச்சங்கள் அங்கே உள்ளன. ஒரு பகலில் நாங்கள் கண்டது அவற்றில் பத்துப் பன்னிரண்டு மட்டுமே.

முதலில் விரூபாக்ஷர் கோயில். கிழக்குக் கோபுரம் ஏறத்தாழ 50 மீட்டர் உயரம். நம் குடியிருப்பில் திருவண்ணாமலையிலிருந்து வந்த பாட்டியார் ஒருவர் இருக்கிறார். அவர் கோபுரத்தை அண்ணாந்து பார்த்துக் கைகூப்பியபின், “எங்கள் ஊர்க் கோபுரத்துக்கு இது தம்பி போல இருக்கிறதே!” என்றார். அவர் சொன்னது வேடிக்கைக்காக அன்று. திருவண்ணாமலையின் கிழக்கு ராஜகோபுரத்தைத் தொடங்கியவர் இதே கிருஷ்ணதேவராயர்; முடித்தவர் தஞ்சை செவ்வப்ப நாயக்கர். காஞ்சி ஏகாம்பரநாதர் கோயிலின் ராஜகோபுரமும், சிதம்பரத்து வடக்குக் கோபுரமும் அவர் காலத்தனவே. நம் பக்கத்தில் ராயர் கோபுரம் என்று சொல்கிறார்களே, அந்த ராயரின் வீட்டு வாசலில் அன்று நின்றிருந்தோம். அவர் முடிசூடிய நினைவாக 1510-ல் கட்டிய ரங்க மண்டபம் அக்கோயிலின் உள்ளே இருக்கிறது. சந்நிதிக்குப் பின்புறம் ஓர் இருட்டறையில், சிறிய துவாரத்தின் வழியாக வரும் வெளிச்சத்தில், கோபுரத்தின் நிழல் சுவரில் தலைகீழாக விழுகிறது. ஒளி நேர்கோட்டில் செல்லும் என்று பள்ளிப் புத்தகத்தில் படித்த பிள்ளைகள், அதனைக் கண்ணெதிரே கண்டு, தலைகீழாக வளைந்து நின்று பார்த்தார்கள்.

இக்கோயிலைப் பற்றி ஒரு விசேஷத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். ஹம்பியில் சிறந்த கோயில்கள் பல உண்டு; அவற்றுள் பெரும்பாலானவற்றில் இன்று விளக்கு எரிவதில்லை. விரூபாக்ஷர் சந்நிதியிலோ பூஜை, நைவேத்தியம், சைத்ர மாதத்துத் தேர், கல்யாண உற்சவம் எல்லாம் நடந்து வருகின்றன. சுற்றுவட்டாரத்துக் குடியானவர்கள் வண்டி கட்டிக்கொண்டும், இப்போது டிராக்டரிலும் வந்து மொட்டையடித்துப் போகிறார்கள்.

கோயிலுக்கு வடக்கே படியிறங்கினால் துங்கபத்திரை. அங்கே பரிசல்கள் வட்டமிட்டுக்கொண்டிருந்தன. கூடைபோல வட்டமான ஓடங்களில், பிரம்பால் முடைந்து வெளியே தோல் போர்த்தியவற்றில், ஜனங்கள் ஆற்றைக் கடந்தார்கள் என்று பயஸ் எழுதியிருக்கிறார். தோலுக்குப் பதில் இன்று வேறு உறை வந்திருக்கிறது. மற்றபடி அதே பரிசல், அதே ஆறு. ஒகேனக்கல்லில் பரிசல் பார்த்திருந்த நம் சகோதரர் ஒருவர் ஓடக்காரரோடு வெகுநேரம் பேசிக்கொண்டிருந்தார்.

அடுத்து கிருஷ்ணர் கோயில். உதயகிரிக் கோட்டையை வென்ற ராயர் அங்கிருந்து பாலகிருஷ்ணன் திருவுருவத்தைக் கொண்டுவந்து, அதற்காக எடுப்பித்த ஆலயம் இது. உள்ளே சென்று எட்டிப்பார்த்தால் பீடம் வெறுமையாக இருக்கிறது. அந்தப் பாலகிருஷ்ணன் எங்கே என்று தேட வேண்டியதில்லை. சென்னையில் அரசு அருங்காட்சியகத்தில் இருக்கிறான். அடுத்த முறை விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போது எழும்பூர் ஸ்டேஷனில் இறங்குகிறவர்கள், சற்று நேரம் ஒதுக்கி அவனையும் பார்த்துவிட்டு வர வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

அக்கோயிலுக்குத் தெற்கே, 1528-ல் ஒரே பாறையில் செதுக்கிய நரசிம்மர், 6.7 மீட்டர் உயரம். மடியில் இருந்த லக்ஷ்மி உருவம் சிதைந்துவிட்டது. அருகே படவலிங்கம் என்னும் மூன்று மீட்டர் உயரச் சிவலிங்கம். அதன் அடிப்பாகம் எப்போதும் தண்ணீரில் நிற்கிறது. ஒரு வாய்க்கால் நீர் அதன் வழியே வந்துகொண்டிருக்கிறது. இவ்வாய்க்காலைப் பற்றிப் பின்னர் பேசுவேன்.

அங்கிருந்து வேன்களில் சுற்றிக்கொண்டு விட்டலர் கோயிலுக்குச் சென்றோம். ஐம்பது ரூபாய் நோட்டு ஒன்று கையில் இருப்பவர்கள் அதன் பின்புறத்தைத் திருப்பிப் பாருங்கள். 2017-ல் வெளிவந்த அந்த நோட்டில் இருப்பது இக்கோயிலின் கல்தேர்தான். மாதந்தோறும் எத்தனையோ நோட்டுகளை எண்ணிக் கட்டுகிற என் கைகளுக்கு அத்தேரை நேரில் பார்ப்பது ஒரு தனி மகிழ்ச்சி. அது ஒரே கல் அன்று. பல கற்களை இணைத்து, இணைப்புத் தெரியாமல் கட்டியிருக்கிறார்கள். உள்ளே இருந்தவர் கருடாழ்வார். மேலே செங்கல் விமானம் ஒன்றும் இருந்தது. 1856-ல் கிரீன்லா என்ற ராணுவ அதிகாரி எடுத்த புகைப்படத்தில் அதனைக் காணலாம். இப்போது அது இல்லை. இசைத் தூண்கள் நிற்கும் மண்டபமும் இங்கேதான் இருக்கிறது. தட்டித் தட்டியே தூண்கள் பழுதாகின்றன என்பதால் தொடக்கூடாது என்று தடை விதித்திருக்கிறார்கள். அது நியாயமான தடை. 2019-ல், இங்குள்ள வேறொரு கோயில் தூணைச் சில இளைஞர்கள் தள்ளி வீழ்த்தும் காட்சி வெளியாகி நாடே கொதித்தது. நீதிமன்றம் அவர்களுக்கு அபராதம் விதித்ததோடு, தள்ளியவர்கள் கையாலேயே தூணை நிமிர்த்தி நிறுத்தவும் செய்தது. குழந்தைகளே, கல்லில் பெயர் கிறுக்கத் தோன்றும்போது இதை நினைவில் கொள்ளுங்கள்.

விட்டலர் கோயிலைச் சுற்றி ஆழ்வார்களுக்கென எழுப்பிய சிறு கோயில்களும் உண்டு. கன்னட நாட்டில், தெலுங்கு மொழியைப் போற்றிய மன்னர்களின் ராஜதானியில், தமிழ் பாடிய ஆழ்வார்களுக்குக் கோயில்! இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. கிருஷ்ணதேவராயர் தெலுங்கில் இயற்றிய ‘ஆமுக்தமால்யதா’ என்னும் காவியம், நம் ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாளின் கதையைச் சொல்வதே. அவருக்கு முன், பதினான்காம் நூற்றாண்டிலேயே, புக்கரின் குமாரர் குமார கம்பணர் மதுரை வரை படை நடத்தினார். அவ்வெற்றியை ‘மதுரா விஜயம்’ என்னும் வடமொழிக் காவியமாகப் பாடியவர் அவருடைய மனைவி கங்காதேவி. தாய்மார்கள் இதனைக் கவனிக்க வேண்டும்: கணவர் வென்ற வெற்றி மனைவியின் எழுத்தினாலேயே 600 ஆண்டுகளுக்குப் பின்னும் நமக்குக் கிட்டியிருக்கிறது.

பிற்பகலில் கமலாபுரத்தை ஒட்டிய அரண்மனைப் பகுதிக்கு வந்தோம். ஹஜாரராமர் கோயிலின் சுவர்களில் ராமாயணம் முழுவதும் கல்லில் வரிசையாக நடக்கிறது. பாட்டிமார்கள் சுவரோடு நடந்து பேரப்பிள்ளைகளுக்குக் கதை சொல்லிக்கொண்டே வந்தார்கள். வழிகாட்டிக்கு அங்கே வேலை இல்லாமற் போயிற்று. பதினொரு அறைகள் கொண்ட யானைக் கொட்டாரம், தாமரை மஹால் ஆகியவற்றில் முஸ்லிம் கட்டடங்களுக்குரிய வளைவுகளும் குவிமாடங்களும் காணப்படுகின்றன. இரண்டாம் தேவராயரிடம் பணிபுரிந்த அகமத் கான் என்ற அதிகாரி 1439-ல் கட்டிய மசூதியும் இந்நகரத்தில் உண்டு. இதனை ஏன் சொல்கிறேன் என்றால், விஜயநகரம் என்றாலே இரண்டு மதங்களின் சண்டை என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். கண்ணால் காணும் கற்கள் அவ்வளவு எளிதாக ஒரு வரியில் அடங்குவன அல்ல.

அங்கே 1980-களில் அகழ்ந்தெடுத்த ஒரு படிக்குளம் உள்ளது. கருங்கற்பலகைகளால் படிப்படியாக இறங்கும் அக்குளத்தின் கற்களில், இது எந்தப் பக்கத்தது, எந்த வரிசையது என்று குறியிட்டிருக்கிறார்கள். வேறோர் இடத்தில் செதுக்கி, குறியிட்டு, இங்கே கொண்டுவந்து பொருத்திய கற்கள் அவை. பார்சல் ஆபீஸில் ஒவ்வொரு மூட்டைக்கும் மார்க் போட்டு வாழ்நாளைக் கழிக்கிற எனக்கு, அந்த முகம் தெரியாத குமாஸ்தாவைக் கும்பிட வேண்டும் போலிருந்தது.

இறுதியாக மகாநவமி மேடையில் ஏறினோம். நவராத்திரி நாட்களில் ராயர் கொலுவிருந்து படைகளையும் ஆட்டபாட்டங்களையும் கண்ட உயரமான மேடை அது. அதன் உச்சியில் நின்றால் நாற்புறமும் அரண்மனைகளின் அடித்தளங்கள் மட்டுமே கண்ணுக்குத் தெரிகின்றன. கோயில்கள் முழுவதும் கல். அரண்மனைகளோ, கல் அடித்தளத்தின்மேல் மரத்தால் எழுந்தவை. கொலு மண்டபம் இருந்த இடத்தில் மரத்தூண்கள் நின்ற குழிகள் வரிசை வரிசையாக இருக்கின்றன. தீ வைத்தபோது மரம் போயிற்று, குழி நின்றது.

அந்த மேடையின்மேல், நம் குடியிருப்பைச் சேர்ந்த ஒன்பது வயதுச் சிறுவன் ஒருவன் என் கையைப் பிடித்து, “மாமா, இவ்வளவு பெரிய ஊரில் இருந்தவர்கள் எல்லாரும் எங்கே போனார்கள்?” என்று கேட்டான். யார் இடித்தார்கள், எத்தனை பேர் செத்தார்கள் என்று அவன் கேட்கவில்லை. போனவர்கள் எங்கே என்று கேட்டான். வெயில் சாய்ந்துகொண்டிருந்தது, ரயிலுக்கு நேரமாயிற்று. அன்று அவனுக்குச் சுருக்கமாகச் சொன்னதை இன்று சற்று விரித்துச் சொல்கிறேன்.

1565 ஜனவரியில் தக்காண சுல்தான்கள் ஒன்றுகூடி, கிருஷ்ணா நதியை ஒட்டி நடந்த தலைக்கோட்டைப் போரில் விஜயநகரப் படையை முறியடித்தார்கள். முதுமைப் பருவத்திலும் போர்க்களம் சென்ற ராமராயர் பிடிபட்டுக் கொல்லப்பட்டார். அந்தச் சுல்தான்களுள் ஒருவரோடு சேர்ந்து மற்றவர்மீது படையெடுத்தும், பின்னர் அணி மாறியும், அவர்களுக்குள் மூண்ட சச்சரவுகளில் எல்லாம் தலையிட்டவர் அவர். அவருடைய தம்பி திருமலர், பொக்கிஷத்தை யானைகள்மீது ஏற்றிக்கொண்டு பெனுகொண்டாவுக்குப் புறப்பட்டார். காவலற்ற நகரம் மாதக்கணக்கில் கொள்ளைபோயிற்று.

ஆனால் நகரம் அப்போதே முற்றிலும் அழிந்துவிடவில்லை என்பது நான் படித்தறிந்த செய்தி. 1567-ல் வெனிஸ் நகரத்து வியாபாரி சீசர் ஃபெடரிச்சி அங்கே சில மாதங்கள் தங்கியிருந்தார். வீடுகள் இன்னும் நிற்கின்றன, ஆட்கள்தான் இல்லை, புலியும் காட்டு விலங்குகளும் குடியிருக்கின்றன என்ற கருத்துப்பட அவர் எழுதினார். திருமலர் திரும்பி வந்து மீண்டும் குடியேற்ற முயன்றும் பலிக்கவில்லை. பகைவர் வந்து போனது சில மாதங்கள். ஜனங்கள் திரும்பி வராததே நகரத்தின் முடிவாயிற்று.

ரயில்வேக்காரர்களாகிய நமக்கு இது புரியாத விஷயம் அன்று. நான் வளர்ந்தது ஒரு சிறு ஜங்ஷனில். 1990-களில் நீராவி இன்ஜின்கள் போயின. லோகோ ஷெட் மூடப்பட்டது. ஷெட்டில் வேலை செய்தவர்கள் மாற்றலாகிப் போனார்கள். முதலில் டீக்கடை மூடியது, பிறகு தையற்கடை, பிறகு பள்ளிக்கூடத்தில் இரண்டு வகுப்புகளை ஒன்றாக்கினார்கள். குவார்ட்டர்ஸை எவரும் இடிக்கவில்லை. பூட்டிய கதவுகளின் முன்னே எருக்கு முளைத்தது. ஒரு ராஜதானியும் அப்படித்தான். அரசரும் படையும் இருந்தால் குதிரை வியாபாரி வருவான், ரத்தின வியாபாரி வருவான், பூக்காரி கடை போடுவாள். அரசர் பெனுகொண்டாவுக்குப் போனபின், பாறைகளுக்கு நடுவே அவ்வளவு பெரிய ஊருக்கு என்ன வேலை?

போனவர்கள் எங்கே? அரசர்கள் பெனுகொண்டாவிலிருந்து சந்திரகிரிக்குப் போனார்கள். 1639-ல் ஆங்கிலேயர் சென்னையில் கோட்டை கட்ட இடம் கொடுத்த நாயக்கர், அந்தச் சந்திரகிரி ராயருக்கு அடங்கியவரே. மகாநவமி விழா மைசூருக்குப் போயிற்று; இன்றும் தசரா என்று நடக்கிறது. குடிமக்களோ, நகரம் அழிவதற்கு முன்னும் பின்னும், படைவீரராகவும் உழவராகவும் நெசவாளராகவும், மதுரை, தஞ்சை, செஞ்சி நாயக்கர்களின் சீமைகளுக்கு அலை அலையாக வந்து சேர்ந்தார்கள். நம் கோவில்பட்டிப் பக்கத்துக் கரிசலிலும், கோவை, மதுரை வட்டாரங்களிலும், வீட்டில் தெலுங்கும் கன்னடமும் பேசும் குடும்பங்களை நாம் எல்லாரும் அறிவோம். 400, 500 ஆண்டுகள் ஆகியும் அவர்கள் வீட்டு மொழி மறையவில்லை. அத்தகைய குடும்பத்தில் இடைசெவல் கிராமத்தில் பிறந்த கி. ராஜநாராயணன், தம் முன்னோர் தெற்கே வந்த கதையைக் ‘கோபல்ல கிராமம்’ என்று 1976-ல் நாவலாக எழுதினார். அதன் தொடர்ச்சியான ‘கோபல்லபுரத்து மக்க’ளுக்கு 1991-ல் சாகித்ய அகாதமி விருது கிடைத்தது. வீட்டில் தெலுங்கு, எழுதியதோ நம் எல்லாரையும்விடத் தேர்ந்த தமிழ்! வந்த நாட்டின் மொழியையும் தம்மதாக்கிக்கொண்டு, கொண்டுவந்த மொழியையும் கைவிடாத வாழ்வு அது.

அன்பர்களே, இப்போது நம் பக்கம் திரும்பிப் பாருங்கள். அவர்கள் துங்கபத்திரையிலிருந்து வைகைக்குப் போனார்கள். நாம் காவிரியிலிருந்தும் வைகையிலிருந்தும் துங்கபத்திரைக்கு அருகே வந்திருக்கிறோம். அவர்களுக்கு அங்கே பள்ளிக்கூடம் இல்லை, சங்கம் இல்லை, ஆண்டு மலர் இல்லை. பெரும்பாலோர்க்குத் தம் மொழியை எழுதவும் தெரியாது. ஆனால் வீட்டில் பேசினார்கள்; தாலாட்டிலும் ஒப்பாரியிலும் வைத்தார்கள். நமக்கு எல்லா வசதிகளும் இருக்கின்றன. நமது ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்பில் ஒரு காலத்தில் பாய் போதாமல் பக்கத்து வீடுகளில் வாங்கி விரித்தோம். இன்று வருகிற பிள்ளைகள் ஒரே பாயில் அடங்கிவிடுகிறார்கள். மேடையில் என்னைக் கேள்வி கேட்ட அந்தச் சிறுவன் கன்னடம் படிப்பான், ஹிந்தி படிப்பான், ஆங்கிலம் படிப்பான், கெட்டிக்காரன். ஆனால் ஊரிலிருந்து அவன் தாத்தா கைப்பேசியில் தமிழில் எழுதி அனுப்பும் நாலு வரியை அவன் தாயார்தான் படித்துச் சொல்ல வேண்டியிருக்கிறது.

இதனால் கன்னடத்தை விலக்கச் சொல்கிறேன் என்று எவரும் எண்ண வேண்டாம். நமக்குச் சோறு போடும் மண் இது. இம்மண்ணின் மொழியை நம் பிள்ளைகள் நன்றாகக் கற்க வேண்டும். கற்கிறார்கள் என்பதில் எனக்குப் பெருமையே. அதற்கு ஈடாகத் தமிழை விட்டுக்கொடுக்க வேண்டும் என்று ஒரு நிபந்தனையும் இல்லை. இரண்டையும் வைத்துக்கொள்ள முடியும் என்பதற்கு, எதிர்த்திசையில் போனவர்கள் 500 ஆண்டு சாட்சியாக நம் ஊரிலேயே இருக்கிறார்கள்.

படவலிங்கத்தின் அடியில் ஓடும் வாய்க்காலைப் பற்றிப் பின்னர் பேசுவேன் என்றேன். விஜயநகர மன்னர்கள் துங்கபத்திரையில் அணைக்கட்டுகள் போட்டு, பாறைகளின் இடையே கால்வாய்கள் வெட்டினார்கள். ஏழு மதில்களில் எஞ்சியவை சில துண்டுகள். பொன்னும் மணியும் போன இடம் தெரியாது. கொலு மண்டபத்தில் குழிகள்தாம் மிச்சம். துர்த்து கால்வாய் முதலிய அந்தப் பழைய கால்வாய்களிலோ இன்றும் தண்ணீர் ஓடுகிறது. 1953-ல் பெரிய அணை வந்த பின்னரும் அவற்றை எவரும் மூடவில்லை. கிருஷ்ணர் கோயிலிலிருந்து அரண்மனைப் பகுதிக்குப் போகும் வழியெல்லாம் வாழைத் தோட்டங்களும் நெல்வயல்களும் அந்நீரால் விளைகின்றன. காரணம் எளியது. ஒவ்வோர் ஆண்டும் எவனோ ஒரு குடியானவன் மண்வெட்டியோடு இறங்கித் தன் வயலுக்கு நேரே உள்ள வாய்க்காலைத் தூர்வாரியிருக்கிறான். அரசனுக்காக அவன் அதைச் செய்யவில்லை. தன் வயலுக்காகச் செய்தான். விரூபாக்ஷருக்கு விளக்கேற்றியவர்களும் அப்படியே. நாள்தோறும் புழங்கியவை நின்றன. காட்சிக்கென்று வைத்தவை போயின.

ஆண்டுக்கு ஒரு நாள் வேட்டி கட்டி, பட்டுடுத்தி, தமிழ்த்தாய் வாழ்த்துப் பாடிக் கலைவதோடு நம் கடமை முடிந்தது என்றிருந்தால், அது மகாநவமி மேடையில் வைத்த கொலுவாகத்தான் முடியும். ஆகவே என் வேண்டுகோள் மிகவும் சிறியது. வருகிற ஞாயிறு முதல் ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ஒரு பிள்ளையைத் தமிழ் வகுப்புக்கு அனுப்புங்கள். அனுப்ப இயலாதவர்கள் வீட்டில் நாளொன்றுக்குப் பத்து நிமிஷம் எழுத்துக் கூட்டிப் படிக்கவையுங்கள். மாலை ஷிஃப்ட் இல்லாத நாட்களில் சொல்லித்தர நான் ஆயத்தமாக இருக்கிறேன். என்னைவிடப் படித்தவர்கள் இச்சபையில் பலர் உண்டு. அவர்களும் முன்வர வேண்டும்.

இச்சொற்பொழிவை ஆண்டு விழா மலரில் அச்சிடப் போவதாகக் காரியதரிசி அவர்கள் தெரிவித்தார்கள். கேள்வி கேட்ட அந்தச் சிறுவனுக்குரிய பதில் இதில்தான் இருக்கிறது. அடுத்த ஆண்டு மலர் வருவதற்குள், தாயாரின் துணையின்றி அவனே இதனைப் படித்துவிட வேண்டும். அந்தப் பொறுப்பு அவனுடையதன்று, நம்முடையது.